ஆட்டின் ஈரலைக் காப்போம், கடனையும் காப்போம்



சென்ற தை மாதம் நம் குழு உறுப்பினர் ஒருவர் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளாடுகள் இறந்துவிட்டன. குழுவில் கடன் வாங்கி ஐந்து ஆடு பிடித்தவர் அவர். இரண்டு போனதும் மாதத் தவணை கட்ட முடியாமல் கூட்டத்துக்கே வராமல் இருந்தார். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, "பூச்சி மருந்து கொடுத்தேனே மேடம், அப்புறமும் ஏன் செத்துச்சு?" என்று அழுதார்.

இதில் என் தவறும் உண்டு. அதற்கு முந்தைய மாதம் அவர் ஆடு மெலிகிறது என்று சொன்னபோது, "பூச்சி மருந்து கொடுத்தாச்சுல்ல, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன மருந்து, எந்தப் புழுவுக்கு, எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறந்த இரண்டாவது ஆட்டைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். ஈரல் முழுக்க இலை மாதிரி தட்டையான புழுக்கள். கொடுத்த மருந்தோ உருண்டைப் புழுவுக்கானது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

ஈரல் என்ன வேலை செய்கிறது?

தின்ற தீவனத்தின் சத்தை உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவது, நஞ்சை முறிப்பது, பித்தநீர் சுரப்பது, இரத்தத்துக்கு வேண்டிய புரதம் தயாரிப்பது எல்லாம் ஈரல்தான். ஈரல் கெட்டால் எவ்வளவு தீனி போட்டாலும் ஆடு தேறாது. கெட்டது வெளியே தெரியவும் நாளாகும். ஆகவே நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

தட்டைப்புழு எப்படி வருகிறது?

நோயுள்ள ஆடு, மாட்டின் சாணத்தில் புழுவின் முட்டை வெளியே வருகிறது. தண்ணீரில் பொரித்து, வாய்க்காலிலும் குளத்திலும் இருக்கும் சிறு நத்தைக்குள் போய் வளர்கிறது. பிறகு நத்தையை விட்டு வெளியேறி, தண்ணீர் ஓரப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத சிறு கூடாக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை ஆடு மேய்ந்தால் குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய்விடும். அங்கே வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேய்ந்த ஆடு தை, மாசியில் படுப்பது இதனால்தான். நிறைய குஞ்சுப் புழுக்கள் ஒரே நேரத்தில் ஈரலைத் துளைத்தால் அறிகுறியே காட்டாமல் திடீரென்றும் இறந்துவிடும்.

வாரம் ஒரு முறை பார்க்க வேண்டிய நான்கு

1. கண்: கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளிறினால் எச்சரிக்கை. வெள்ளையாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

2. தாடை: தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறதா என்று தடவிப் பாருங்கள். மேய்ந்து திரும்பிய சாயங்காலம் வீக்கம் நன்றாகத் தெரியும். காலையில் வற்றியது போல இருக்கும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

3. எடை: தையல் டேப்பால் அங்குலத்தில் அளக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பு எலும்பு முனை வரை நீளம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் 26 x 26 x 24 = 16,224. அதை 660 ஆல் வகுத்தால் சுமார் 24½ கிலோ. மாதம் ஒரு முறை நோட்டில் எழுதுங்கள்.

4. தீனியும் கழிச்சலும்: மந்தையில் பின்தங்குவது, அசை போடாமல் நிற்பது, முடி பொலிவில்லாமல் இருப்பது, விட்டுவிட்டுக் கழிவது.

கண் வெளிறுவதும் தாடை வீங்குவதும் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவாலும் வரும். எது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. காலையில் போட்ட புதுப் புழுக்கையைச் சுத்தமான கவரில் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள். இளம் புழு முட்டையிடாது. ஆகவே சோதனையில் முட்டை இல்லை என்றாலும், ஆடு மெலிந்துகொண்டே போனால் மறுபடி போய்ச் சொல்லுங்கள்.

மருந்து கொடுக்கும்போது

எல்லாப் பூச்சி மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது. ஆல்பெண்டசோல் வளர்ந்த தட்டைப்புழுவை மட்டும் கொல்லும், அதற்கும் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு வேண்டும். சினை பிடித்த தொடக்கத்தில் அதைக் கொடுத்தால் குட்டிக்கு ஆபத்து. டிரைகிளாபெண்டசோல் இளம் புழுவையும் கொல்லும். எது, எத்தனை மில்லி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எடையையும் சினையையும் அவரிடம் சொல்லுங்கள். எத்தனை நாள் பாலும் இறைச்சியும் பயன்படுத்தக் கூடாது என்றும் கேட்டு வாருங்கள். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும்.

வராமல் தடுக்க

* வாய்க்கால், குளம், வயல் ஓரச் சதுப்பில் மேய விடாதீர்கள். மேட்டு நிலத்தில் மேயட்டும்.
* குடிக்கத் தொட்டித் தண்ணீர் வையுங்கள்.
* தண்ணீர் ஓரப் புல்லை அறுத்து வந்தால் நன்றாக வெயிலில் காய வைத்துப் போடுங்கள்.
* சாணத்தைக் குழியில் மட்க வையுங்கள். அந்தச் சூட்டில் முட்டை சாகும்.
* வாத்து வளர்ப்பவர்கள் அதை வாய்க்காலில் விடலாம். நத்தையைத் தின்னும்.
* ஆடு அறுக்கும்போது ஈரலைப் பாருங்கள். நீர்க்கட்டி உள்ள ஈரலை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். போட்டால் நாய்க்கு நாடாப்புழு வந்து, அதன் முட்டை மூலம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டி வரும்.

ஒரு வீட்டு ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. ஒரே வாய்க்கால் கரையில்தான் எல்லார் ஆடும் மேய்கிறது. ஆகவே மழைக்கு முன்பும் மழை முடிந்த பிறகும் ஊரே சேர்ந்து மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

குழுக் கூட்டத்தில் பேச:
1. நம் ஊரில் நத்தை அதிகம் உள்ள இடங்கள் எவை? அங்கே யார் யார் ஆடு மேய்கிறது?
2. கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயர் யாருக்காவது தெரியுமா? பாட்டிலைக் கொண்டு வந்து காட்டுங்கள்.
3. தையல் டேப்பும் எடை நோட்டும் வைத்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

அந்த உறுப்பினரின் மீதி மூன்று ஆடுகளுக்கும் மருத்துவர் சொன்ன மருந்து கொடுத்தோம். மூன்றும் பிழைத்தன, ஒன்று குட்டி போட்டிருக்கிறது. குழு அவருக்குத் தவணையைத் தள்ளி வைத்தது. இப்போது கூட்டத்துக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தத் தெரு ஆடுகளுக்கெல்லாம் கண் பார்ப்பவரும் அவர்தான்.