ஹப்பில் ரேஸ் மாட்டத் தெரியுமா?

ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் 2 வருடம் படித்து முடித்து, வீட்டை ஒட்டியே ஷெட் போட்டு உட்காருகிறவர்களிடம் சீக்கிரமே வந்து சேரும் வேலை டிராக்டர் டிரெய்லர் ஹப். சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி ஏறிய வண்டியில் ஆயில் சீல் கிழிந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் மோர்போல வெளுத்திருக்கும். புது பேரிங் வாங்கி மாட்ட யாருக்கும் தெரியும். ஹப்புக்குள் இறுகிக் கிடக்கும் ரேஸை, அதாவது பேரிங்கின் வெளிவளையத்தை, நேராகக் கழற்றி, புதியதை நேராக உட்கார வைப்பவரைத்தான் வண்டிக்காரர் அடுத்த சீசனிலும் தேடி வருவார்.

லோடை இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கடியில் கட்டை கொடுங்கள். மற்ற சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ரேஸ் சூடேற்றிக் கடினப்படுத்திய இரும்பு. சுத்தியலால் நேரடியாக அடித்தால் சில்லு தெறிக்கும்.

டஸ்ட் கேப், ஸ்பிளிட் பின், நட், வாஷர் எல்லாம் வந்தபின் ஹப்பை இழுத்து வெளியே எடுங்கள். சீலையும் உள் பேரிங்கையும் எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் கழுவினால்தான் ரேஸின் முகம் தெரியும். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ரோலர் இடைவெளியில் வரிவரியாகத் துரு இருந்தால், தண்ணீரோடு வண்டி நாள்கணக்கில் நின்றிருக்கிறது. நீலம் பாரித்திருந்தால் சூடு. ஓடுபாதை பொரிந்து உதிர்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது. ரேஸின் வெளிப்பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தால், அது ஹப்புக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. புது ரேஸ் மட்டும் அதற்குத் தீர்வாகாது.

பல ஹப்புகளில் ரேஸின் பின்விளிம்பு தெரியும்படி எதிரெதிரே இரண்டு பள்ளம் விட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பஞ்ச் கம்பியை நுழைத்து அங்கே வைத்து அடிக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. ஒரே பக்கம் அடித்தால் ரேஸ் சாய்ந்து ஹப்பைக் கீறும். சாய்ந்துவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். உயர்ந்து நிற்கும் பக்கத்தை அடித்து மட்டமாக்கிவிட்டுத் தொடருங்கள்.

பள்ளமே இல்லாத ஹப் வந்தால் பழைய ரேஸின் உள்பாதையில் சுற்றிலும் ஒரு வெல்டிங் கோடு இழுப்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். ஆறும்போது வெல்டிங் சுருங்கி ரேஸையும் சுருக்கும். பெரும்பாலும் கையோடு வந்துவிடும். கிரீஸை முழுதாகத் துடைத்த பிறகே இதைச் செய்யுங்கள், தீப்பிடிக்கும்.

புதியது வாங்கும்போது எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 30210 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள்: உள்துளை 50 மி.மீ. (04 முதல் இந்தக் கணக்கு சரியாக வரும்.) வெளிவிட்டம் 90 மி.மீ. ரேஸையும் ரோலர் பகுதியையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். பழைய ரேஸில் புது ரோலரை ஓட்டி மிச்சம் பிடிக்கச் சொல்லும் வண்டிக்காரரிடம் முடியாது என்றே சொல்லிவிடலாம்.

முந்தின இரவே ரேஸை உறையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். 90 மி.மீ. வளையம் 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்குப் போனால் விட்டம் ஏறக்குறைய 0.05 மி.மீ. குறையும். இறுக்கமாகப் பொருந்தும் இடத்தில் அந்த அளவே பெரிய உதவி. ஹப்பின் உள்சுவரில் பிசிறு இருந்தால் எமரியால் தேய்த்து, துடைத்து, மெல்ல எண்ணெய் தடவுங்கள். ரேஸின் தடித்த பக்கம் ஹப்பின் உள்திட்டில் உட்காரும். அகன்ற வாய் வெளியே பார்க்கும். பழைய ரேஸின் வெளிப்பக்கத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துவிட்டால், புதியதன் மேல் வைத்து அடிக்க அதுவே போதும், சிக்கிக்கொள்ளாது.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ரேஸ் இறங்கும்வரை அடி டொக்கென்று மொண்ணையாகக் கேட்கும். திட்டில் முட்டியதும் ணங்கென்று மாறும், சுத்தியலும் கையில் எகிறும். அங்கே நிறுத்துங்கள். பின்பக்கப் பள்ளம் வழியாக 0.05 ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது.

ஹப்பில் ரேஸ் தளர்வாக நின்றால், சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்குவதைப் பல ஷெட்டுகளில் பார்க்கலாம். சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். லேத்தில் கொடுத்துக் குடைந்து புஷ் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஹப்பையே மாற்றச் சொல்லுங்கள்.

கிரீஸை ரோலர்களின் இடுக்கு வரை திணித்து மாட்டுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கையால் முடுக்குங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் தளர்த்தும் பக்கமே திருப்புங்கள். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாதவரை டயல் கேஜில் 0.025 முதல் 0.125 மி.மீ. ஆட்டம் இருக்கலாம். ஸ்பிளிட் பின் எப்போதும் புதியது.

பில்லில் பேரிங் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதுங்கள். பழைய ரேஸை வண்டிக்காரர் கையில் கொடுத்து, பொரிந்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலியில் பேரம் குறையும். பேரிங் எண்ணையும் தேதியையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று லோடு அடித்தபின் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்குக் கூலி வாங்காதீர்கள்.