பழைய கடையை அடையாளம் காண

சுரண்டையிலிருந்து குற்றாலச் சாரலுக்கோ நெல்லைக்கோ போகிறவர்கள் பழமை மாறாத கடையில் உட்கார்ந்து சாப்பிட விரும்பினால், சுவரில் தொங்கும் பழம்பொருள்களை மட்டும் நம்ப வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் காசு கொடுத்தால் பித்தளைக் கூஜா யாருக்கும் கிடைக்கும். அந்தப் பொருள் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மரக் கல்லாப்பெட்டியில் சில்லறை விழுகிறதா, பாய்லர் கொதிக்கிறதா, பெஞ்சின் விளிம்பு ஆள் உட்கார்ந்து தேய்ந்திருக்கிறதா? கடை நடக்கும் முறையும் சான்றுதான். நெல்லையப்பர் கோயில் எதிரே உள்ள இருட்டுக்கடை அல்வாக் கடை மாலையில்தான் திறக்கும். மங்கிய வெளிச்சத்தையும் அது விட்டுவிடவில்லை. 1971-இல் தொடங்கிய, பிரிட்டனின் பியர் நுகர்வோர் அமைப்பான கேம்ராவும், உள்ளமைப்பு மாறாத பழைய மதுக்கடைகளைத்தான் தேடிப் பட்டியலிடுகிறது, அலங்காரத்தை அல்ல.

பழைய கடை என்றாலே அழுக்கு என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதே, ஆனால் சுத்தத்துக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. கரிபடிந்த சுவரை விட்டுவிட்டு, டம்ளர் கழுவும் தண்ணீரையும் எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். புதுப்பித்தால்தானே வியாபாரம் பெருகும் என்று கேட்டால், கூரையும் சமையற்கட்டும் புதிதாகட்டும்; தேக்கு மேசையை ஏன் எடைக்குப் போட வேண்டும்? சீசன் கூட்டம் ஓய்ந்த பிற்பகலில் போங்கள், சாப்பிடுங்கள், அந்த மேசையை விற்றுவிட வேண்டாம் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.