வாசற்படி தடையாகலாமா?

சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் அமர்ந்தவர் வாசலைத் தாண்டவில்லை. தோட்டங்களில் இக்காட்சி புதிதன்று. மழைநீர் உட்புகாதிருக்க அமைந்த உயரமான வாசற்படி, காலை இழந்தவருக்கும் பக்கவாதத்தால் தளர்ந்தவருக்கும் மதிலாகி விடுகிறது. ஆலயத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்ல, இருவர் நாற்காலியோடு தூக்க வேண்டும். ஒருவர் கால் இடறினால் மூவரும் வீழ்வர். பிறருக்குத் தொல்லை தரக் கூசியே பலர் வீட்டுக்குள் முடங்குகின்றனர்.

இத்தடையை நீக்க வல்லது, வேண்டும்போது விரித்து வேலை முடிந்ததும் மடித்து வைக்கும் சாய்வுப் பலகை. நிருவாகத்துக்குச் சொந்தமான வீட்டின் சுவரையோ தரையையோ இடிக்க வேண்டியதில்லை. வீடு மாறினால் உடன் கொண்டு செல்லலாம்.

அளவே முதன்மை

வாங்குமுன் படியின் உயரத்தை அளந்துகொள்வோம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது நினைவில் நிற்கத்தக்க கணக்கு. 6 அங்குலப் படிக்கு 6 அடிப் பலகை தேவை. இதனினும் குட்டையானால் ஏற்றம் செங்குத்தாகி, நாற்காலி பின்புறம் கவிழக்கூடும். இரண்டு படிகள் சேர்ந்து 12 அங்குலமானால் 12 அடி வேண்டும். அத்துணை நீளப் பலகையைத் தூக்குவதே பெரும்பாடு. அவ்விடத்தில் நிருவாகத்தின் அனுமதி பெற்று, சிமெண்டுச் சாய்தளம் அமைப்பதே நன்று.

எவ்வகை ஏற்றது?

ஓரிரு அங்குல நிலைப்படிக்கு ரப்பரால் ஆன ஆப்பு வடிவக் கட்டை போதும். நம் உழைப்பின் பொருள் நம் இல்லத்துக்கே இவ்வாறு உதவுகிறது! ஒரு படிக்கு, மடக்கும் அலுமினியப் பலகை ஏற்றது. இரட்டைத் தடங்கள் எடை குறைந்தவை. ஆயினும் சக்கரங்களின் இடைவெளிக்குச் சரியாகப் பொருத்த வேண்டும். தச்சரிடம் செய்விப்போர் ரப்பர் மரப் பலகையைத் தவிர்க்க. மழையில் நனைந்தால் அதனைப் பூஞ்சையும் பூச்சியும் அரித்துவிடும். இருபுறமும் விளிம்புச் சட்டம் அமைத்து, மணல் கலந்த சாயம் பூசினால் சக்கரம் விலகாது, வழுக்காது.

பயன்படுத்தும் முறை

1. அமர்பவர், நாற்காலி, தள்ளுபவர் ஆகியோரின் மொத்த எடையைப் பலகை தாங்குமா எனப் பார்க்க.

2. மேல்விளிம்பு படியில் முழுமையாகப் படிந்து, அசையாதிருக்க வேண்டும்.

3. ஏறும்போது பின்னிருந்து தள்ளுக. இறங்கும்போது நாற்காலியின் முதுகுப்புறம் கீழ்நோக்கியிருக்க, துணைவர் பின்னோக்கி நடந்து மெல்ல இறக்குக.

4. ஈரம், பாசி, மண் ஆகியவற்றைத் துடைத்த பின்னரே ஏற்றுக.

எங்கே கேட்பது?

நகரங்களில் மருத்துவக் கருவி விற்கும் கடைகளில் இப்பலகைகள் கிடைக்கும். மாற்றுத் திறனாளியாகச் சமூக நல இலாகாவில் பதிந்து அட்டை பெற்றவர்கள், உதவிக் கருவிகளுக்கான உதவித் தொகை பற்றி அங்கேயே விசாரிக்கலாம். வேலையில் விபத்துக்கு ஆளானோர் பெர்கேசோ அலுவலகத்தை நாடுக. படியின் அளவைக் குறித்து எடுத்துச் செல்லுதல் நலம்.

பல்லாண்டு பால்மரம் வெட்டி உழைத்த ஒருவர், ஒரு படிக்கு அஞ்சி வீட்டினுள் முடங்குதல் தகுமா? இன்றே அளவு நாடாவை எடுப்போம். நம் வாசலை அளப்போம். அண்டை வீட்டாரின் வாசலையும் அளப்போம்.