பூச்செடிக்கு முன் இடத்தைப் பாருங்கள்

நாற்றுப் பண்ணையில் பூத்துக் குலுங்கும் செடியைக் கண்டதும் வாங்கி வந்து நட்டுவிடுகிறோம். இரண்டு மாதத்தில் பூ நின்றுவிடுகிறது. பெரும்பாலும் குறை செடியில் இல்லை. அதை நட்ட இடத்தில் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி. அவ்வூரில் முற்றமும் கிணறும் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே எந்தச் செடியை எங்கே வைக்கலாம்?

முதலில் மேற்குச் சுவர். சித்திரை வெயிலில் பிற்பகல் முழுதும் காயும் இடம் அது. அங்கே காகிதப்பூக் கொடி நன்கு வளரும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இதில், நாம் பூ என்று எண்ணும் வண்ணப் பகுதி பூவடி இலையே. அதன் நடுவில் வெளிறிய சிறு குழாய்போல் இருப்பவைதாம் உண்மையான பூக்கள். தண்ணீரும் உரமும் மிகுந்தால் இக்கொடி இலையாகத் தழைக்கும். சற்றுக் காயவிட்டால் பூக்கும். அன்பு மிகுதியால் நாள்தோறும் நீர் ஊற்றுவோர் இதனிடம் ஏமாறுவார்கள்!

தென்னையடியின் அரைநிழல் கனகாம்பரத்துக்கு ஏற்றது. கிணற்றடியில் செம்பருத்தி வைக்கலாம். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தக் கேசரங்கள் பலவும் இதழ்களாக மாறியிருக்கும். பார்வைக்கு அழகுதான். ஆனால் அடுக்கில்லாத பூவையே நான் பரிந்துரைப்பேன்; அதன் பாகங்களைப் பிரித்துப் படிக்கலாம், தேன்சிட்டு வந்து தேன் குடிப்பதையும் காணலாம்.

படுக்கையறைச் சன்னலருகே பவழமல்லி வையுங்கள். அந்தியில் மலர்ந்து விடியலில் உதிரும் அதன் வெண்மையும் மணமும் இருளில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. அந்த மணத்தில் நமக்கும் பங்கு கிடைக்கிறது.

இட்லிப்பூ வாங்குமுன் கிணற்று நீரைச் சோதியுங்கள். பருப்பு வேகத் தாமதமாகிறதா? பாத்திரத்தில் வெண்படிவு தங்குகிறதா? அப்படியானால் அது கடின நீர். அதைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண்ணில் காரத்தன்மை கூடும். அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இட்லிப்பூவின் வேர் அதை உறிஞ்ச இயலாது. நரம்புகள் பச்சையாகவே நிற்க, இளம் இலைகள் மஞ்சளாகும். இத்தகைய வீட்டில் இட்லிப்பூவைத் தொட்டியில், மழைநீர் ஊற்றி வளர்ப்பதே நலம்.

இனி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அரளி வறட்சியைத் தாங்கும், ஆண்டு முழுதும் பூக்கும். அதனால்தான் நெடுஞ்சாலைகளின் நடுவே அதை வளர்க்கிறார்கள். ஆனால் அதன் எல்லாப் பகுதிகளிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. 2024-இல் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. தவழும் குழந்தையோ கட்டிப்போட்ட ஆடுமாடோ உள்ள வீட்டுக்கு அரளி வேண்டாம்.

வேலிக்கு அழகென்று உண்ணிச்செடியையும் நடாதீர்கள். அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்த இது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகவே இந்தியாவுக்குள் வந்தது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எச்சத்துடன் பரப்பின. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் இச்செடி பரவியிருப்பதாகக் கணித்தது. இது அடர்ந்த இடத்தில் புல் குறைகிறது. மானுக்கு மேய்ச்சல் இல்லை. தாழ்வான வேலிக்கு நம் டிசம்பர் பூவே போதும்.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி ஏற்ற மாதங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வேர் பிடித்துவிடும். நீர் தேங்கும் பள்ளத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். முழு வெயில் படும் இடம் மிச்சமிருந்தால் மல்லிகை நடுங்கள். அது புதுத் தளிரின் நுனியில் அரும்புவது. ஆகவே செடி வளர்ந்தபின் ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும், மார்கழியில், தயங்காமல் கிளைகளை வெட்டிவிடுங்கள். பங்குனியில் அரும்பு பறிக்கலாம்.