மறுப்புக் கடிதம் வரும்போது

அன்புள்ள தம்பிக்கு,

ரெசிடென்சி முடித்து கிளினிக்கில் சேர்ந்த சூட்டோடு, நோயாளி திருப்தி மதிப்பெண் குறைவு என்று மேனேஜர் கூப்பிட்டுப் பேசினாராமே. நீ கேட்ட ஸ்கேனை மறுத்தது இன்ஷூரன்ஸ் பிளான், திட்டு வாங்கியது நீ. கோபம் நியாயம்தான்.

பிளான் மீதான இந்தக் கோபம் புதிதல்ல. 1997இல் வந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்தில், ஆஸ்துமாப் பையனின் அம்மா எச்.எம்.ஓ. என்கிற இன்ஷூரன்ஸ் பிளானைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். அமெரிக்கத் தியேட்டர்களில் கைதட்டல். நானும் ஒன்றில் இருந்தேன்; அப்போது எச்.எம்.ஓ. டாக்டர் நான். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நோயாளிகள் நிரப்பும் 'கேப்ஸ்' திருப்திக் கேள்வித்தாளை ஒருமுறை முழுதாகப் படி. கவனமாகக் கேட்டாரா, புரியும்படி சொன்னாரா, மதித்தாரா, போதிய நேரம் கொடுத்தாரா: டாக்டரின் பேச்சைப் பற்றி இந்த நான்குதான். தேவைப்பட்ட டெஸ்ட் சுலபமாகக் கிடைத்ததா என்பது தனிக் கேள்வி. அது பிளான் கணக்கு. முதியோருக்கான அரசு மெடிகேரைத் தனியார் பிளான்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில், இப்படிப்பட்ட பதில்களும் சேர்ந்த மதிப்பீட்டில் 4 நட்சத்திரம் எட்டினால்தான் பிளானுக்கு போனஸ். மேனேஜருக்கு ஏன் வேர்க்கிறது என்று இப்போது புரிகிறதா?

சராசரியை மட்டும் நம்பாதே. வருஷத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசியோடு போகிறவரும் அந்தத் தாளை நிரப்புகிறார், கீமோவுக்கு ஒப்புதல் வராமல் காத்திருப்பவரும் நிரப்புகிறார். முன்னவர் பிளானைப் புகழ்வது, விரித்தே பார்க்காத குடையைப் புகழ்வதுதான்.

மறுப்பு வந்த என் நோயாளி ஒருவரைச் சொல்கிறேன், ஒரு டிரக் டிரைவர். முதுகுவலி, வலது பாதம் தொங்கத் தொடங்கியிருந்தது. எம்ஆர்ஐ கேட்டேன், முதலில் ஆறு வாரம் பிசியோதெரபி என்று மறுப்பு வந்தது. பிளானின் டாக்டரோடு நேரடியாகப் பேசும் 'பியர் டு பியர்' அழைப்பை அவர் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டேன். இருபது நிமிடம் காத்திருப்பு இசை. அவர் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். மறுமுனை டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "பாதத்தை மேலே தூக்க முடிகிறதா?" முடியவில்லை என்றேன். "உங்கள் நோட்டில் அது இல்லையே." உடனே ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

பார்த்த நான் எழுதவில்லை. 'முதுகுவலி, மூன்று வாரம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். டிரைவரிடம் அதைச் சொன்னேன். முறைத்தார், பிறகு கை கொடுத்தார்.

நன்றாக எழுதியும் மறுக்கிற பிளான் உண்டு. அப்போது அப்பீல், அதுவும் தோற்றால் பிளானுக்கு வெளியே சுயேச்சையான மறுஆய்வு கேட்கும் உரிமை 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. நோயாளிகளில் பலருக்கு இது தெரியாது. நீ சொல்.

உனக்கு மறுத்த அந்த ஸ்கேனுக்கு நீ எழுதிய நோட்டை, பெயர் விவரங்களை அழித்துவிட்டு எனக்கு அனுப்பு. ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்