செட்டிநாட்டு வீடும் கட்டடக்கலைஞரின் தொடர்கல்வியும்

முன்னுரை

கட்டடக்கலைஞரின் கல்வி ஐந்தாண்டுப் பட்டப்படிப்போடு நிறைவுறுவதில்லை. பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச நிறுவனம் தன் உறுப்பினர்கள் ஆண்டுக்கு 35 மணிநேரம் தொடர்ந்து கற்கவேண்டும் என வரையறுத்துள்ளது. பேண்தகு கட்டடக்கலை அக்கல்வியின் பாடங்களுள் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுக் கட்டடக்கலைஞர் சட்டத்தின்வழி அமைந்த மன்றம் பதிவையும் கல்வித்தரத்தையும் நெறிப்படுத்துகிறது. நம் நாட்டுத் தொடர்கல்வியில் பேண்தகு வடிவமைப்பை எதனைக் கொண்டு கற்பிப்பது? காரைக்குடியை அடுத்த அரியக்குடி உள்ளிட்ட நகரத்தார் ஊர்களின் வீடுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

வீடும் நீரும்

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என வீடு ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீள்கிறது. வானம் பார்த்த முற்றத்தின்வழி வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. ஓட்டுக்கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிவதால் மழைநீர் அங்கே திரள்கிறது. மிகுதி நீர் வடிகால்வழி ஊருணியைச் சேர்கிறது. எனவே வீட்டின் வடிவமைப்பை ஊரின் நீரமைப்பிலிருந்து பிரித்துக் கற்பித்தல் பொருந்தாது.

சுவரும் பழுதும்

சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பல பூச்சுகளாகப் பூசுவர்; இறுதிப் பூச்சில் முட்டை வெண்கரு கலந்து இழைத்து மெருகேற்றுவர். சுண்ணாம்புக்கல்லைச் சுட ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பம் போதும். சிமெண்டு உற்பத்திக்கு ஏறத்தாழ 1450 பாகை வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிக் காரை உதிரும். இதனை அறியாத பழுதுபார்ப்பு, காக்க வந்த சுவரையே அழிக்கிறது.

பிரித்தறிதல்

பழமை அனைத்தும் பேண்தகுவது அன்று. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கடல்கடந்து வந்தவை. ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுடப்படாமல் நீரில் ஊறி இறுகுபவை. எனினும் அவற்றிலும் சிமெண்டு உண்டு. எதனைப் பின்பற்றுவது, எதனை விடுப்பது எனத் தேரும் பயிற்சியே தொடர்கல்வியின் மையமாதல் வேண்டும்.

முடிவுரை

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெசுகோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் கட்டடத்தைச் சுட்டும். செய்முறையைக் கைமாற்றித் தராது. நீற்றல், அரைத்தல், இழைத்தல் ஆகிய ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலைப்படி. சொல் வழக்கிழந்தால் அப்படியும் மறையும். ஆதலின் கொத்தனாரைத் தொடர்கல்வியின் ஆசிரியராக அமர்த்துதல் கட்டடக்கலைக் கல்வியாளர் கடன். அவர்தம் தொழிற்சொற்களைத் தொகுத்துப் பொருள் வரைந்து தருதல் தமிழ்த்துறைகளின் கடன்.