விழிப்புலனற்றோருக்கு வழி சொல்லும் ஜி.பி.எஸ்.

கேள்வி: விழிப்புலனற்றவர்கள் தனியே நடந்து செல்ல உதவும் ஜி.பி.எஸ். கருவி எப்போது, எங்கே தோன்றியது? சாதாரண வருமானம் உள்ளவர் வாங்கக்கூடிய விலையில் கிடைக்குமா?
(ஒரு வாசகர், கிருலப்பனை)

பதில்: ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக 1973இல் திட்டமிடப்பட்டது. அதன் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் இந்தச் செய்மதிகள் இடைவிடாது நேரக்குறிப்பை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்துவிட்டால், கருவி தான் இருக்கும் இடத்தைக் கணித்துக்கொள்ளும். சமிக்ஞைக்குக் கட்டணம் இல்லை.

இதைக் கொண்டு விழிப்புலனற்றோருக்கு வழிகாட்டலாம் என்று 1985இலேயே எழுதியவர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து உளவியலாளர் ஜாக் லூமிஸ். அதே வளாகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த ரெஜினோல்ட் கொலெஜ் 1984இல் பார்வையை இழந்திருந்தார். ஊரின் அமைப்பு மனிதர் மனத்தில் எப்படிப் பதிகிறது என்பதே அவருடைய ஆய்வுத்துறை. இவர்களும் உளவியலாளர் ரொபெர்ட்டா கிளாட்ஸ்கியும் உருவாக்கிய மாதிரிக் கருவி 1993இல் இயங்கத் தொடங்கியது. கணினியையும் ஜி.பி.எஸ். வாங்கியையும் முதுகுப் பையில் சுமந்து, காதில் ஹெட்போன் மாட்டி நடக்க வேண்டியிருந்தது. இடம், வலம் என்று கட்டளையிடுவதற்குப் பதிலாக, கட்டடத்தின் பெயரை அது இருக்கும் திசையிலிருந்தே ஒலிக்கச் செய்தார்கள். ‘நூலகம்’ என்ற சொல் வலக் காதுப் பக்கம் கேட்டால் நூலகம் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பினால் அதே சொல் நேர் எதிரே கேட்கும். இத்துறையில் இதைவிட அழகான யோசனை இன்றுவரை வரவில்லை. மைக்ரோசொப்ட் 2018இல் ஐபோனுக்கு வெளியிட்ட ‘சவுண்ட்ஸ்கேப்’ செயலியும் இதே வழியைத்தான் பின்பற்றியது.

அந்த மாதிரிக் கருவி உருவான காலத்தில் பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே பிழைபட அனுப்பியது. நூறு மீற்றர் வரை தவறினால் நடப்பவருக்கு என்ன பயன்? 2000 மே மாதத்தில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பார்வையற்றவரான மைக் மே தொடங்கிய செண்டெரோ நிறுவனத்தின் ‘பிரெய்ல்நோட் ஜி.பி.எஸ்.’ 2002இலும், கனடாவின் ‘டிரெக்கர்’ 2003இலும் விற்பனைக்கு வந்தன. நல்ல கருவிகள்தான். ஆனால் வாங்குவோர் சிலரே என்பதால் விலை ஆயிரம் டொலருக்கும் மேலே போனது. பிரான்ஸின் கப்சிஸ் நிறுவனம் செய்த ‘கப்டென்’ வேறு வழியில் சென்றது. திரையே இல்லாமல் குரலால் இயங்கிய அந்தச் சிறு கருவி, எல்லோருக்குமாகத் தயாரிக்கப்பட்டதால் மலிவாக இருந்தது.

விலைச் சுவரை உண்மையில் உடைத்தவர்கள் பார்வையற்றவர்களே. கனடாவின் வான்கூவரில் பார்வையற்ற நிரலாளர்கள் நொக்கியா கைத்தொலைபேசிக்காக எழுதிய ‘லோட்ஸ்டோன்’ செயலி முற்றிலும் இலவசமாகக் கிடைத்தது. அதற்கு விலைகொடுத்து வாங்கும் வரைபடம் தேவைப்படவில்லை. பயனாளர் ஒருமுறை யாருடனாவது பஸ் தரிப்பிடத்துக்கோ மருந்துக்கடைக்கோ போய் அந்தப் புள்ளியைப் பதிந்துகொண்டால், அடுத்த முறை தொலைபேசி அதன் தூரத்தையும் திசையையும் சொன்னது. பதிந்த புள்ளிகளை மற்றவர்களுக்கும் கொடுக்க முடிந்தது. நல்ல வரைபடம் இல்லாத நாடுகளுக்கு மிகவும் பொருந்திய முறை இது.

2009இல் ஐபோனில் ‘வொய்ஸ்ஓவர்’, அண்ட்ரொய்டில் ‘டோக்பேக்’ என்னும் திரைவாசிப்பான்கள் இலவசமாகவே சேர்ந்து வந்தன. அதன்பின் தனிக்கருவியின் தேவை பெரும்பாலும் அற்றுப்போனது. இன்று மலிவான அண்ட்ரொய்ட் தொலைபேசியிலும் ஜி.பி.எஸ். உண்டு, தமிழில் வாசிக்கும் குரலும் உண்டு. ‘ஓஸ்ம்அண்ட்’ போன்ற இலவசச் செயலியில் வரைபடத்தை முன்னரே இறக்கிக்கொண்டால் வழியில் டேட்டாவும் செலவாகாது.

ஆயினும் ஐந்து மீற்றர்ப் பிழை இன்னும் இருக்கிறது. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அது கூடும். ஹைலெவல் வீதியும் பேஸ்லைன் வீதியும் சந்திக்கும் கிருலப்பனைச் சந்தியில், நடப்பவர் வீதியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதையே தொலைபேசி மாற்றிச் சொல்லிவிடக்கூடும். திறந்து கிடக்கும் வடிகானையும், நடைபாதையில் நிறுத்திய முச்சக்கரவண்டியையும் எந்தச் செய்மதியும் அறியாது. அவற்றை அறியப் பிரம்புதான் வேண்டும். டில்லி ஐ.ஐ.டி. வடிவமைத்து, சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பில் 2014இல் வெளிவந்த ‘ஸ்மார்ட்கேன்’, மூன்று மீற்றர் வரையுள்ள தடையை மீயொலியால் உணர்ந்து கைப்பிடியின் அதிர்வால் தெரிவிக்கும். அறிமுகமானபோது அதன் விலை ஏறத்தாழ 3,000 இந்திய ரூபாய்.

ஆகவே தனி ஜி.பி.எஸ். கருவிக்குப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. அண்ட்ரொய்ட் தொலைபேசி, காதை மூடாத ஹெட்போன், வெள்ளைப் பிரம்பு ஆகிய மூன்றும் போதும். போதாமல் இருப்பது வரைபடத்திலுள்ள விவரமே. ஓஸ்ம்அண்ட் பயன்படுத்தும் ‘ஓபன்ஸ்ட்ரீட்மெப்’ வரைபடத்தில் யாரும் விவரம் சேர்க்கலாம். பார்வையுள்ள வாசகர்கள் தங்கள் தெருவின் பஸ் தரிப்பிடத்தையும், மஞ்சட் கடவையையும், வைத்தியசாலை வாசலையும் அதில் சரியான இடத்தில் குறித்துவைக்க வேண்டும்.